குழந்தை மனசு: சிங்கப்பூர் வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

*வீட்டில் நான்கு வருடம் இருந்த பணிப்பெண் போன மாதம் இந்தோனீசியாவுக்குத் திரும்பிவிட்டார். அழுவாளே என்று ஐந்து வயது மகளிடம் சொல்லாமலே அனுப்பிவைத்தோம். இப்போது என்னைப் பாத்ரூமுக்குக்கூடத் தனியாக விடமாட்டேன் என்கிறாள்.*
– செங்காங் வாசகி

இதை அடம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரியமான ஒருவர் திடீரென்று இல்லாமல் போகலாம் என்று தெரிந்துகொண்டுவிட்டாள். அடுத்து நீங்கள் போய்விடுவீர்களோ என்று காவல் இருக்கிறாள். குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்தவர் அவர். நமக்கு அவர் வேலைக்கு வந்தவர், அவளுக்கு அப்படியில்லையே.

இப்போதும் சொல்லலாம். “ஆன்ட்டி அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. நீ குறும்பு பண்ணினதால போகல. உங்கிட்ட சொல்லாம அனுப்பினது அம்மா செஞ்ச தப்பு.” இந்த வயதில் எது நடந்தாலும் ‘என்னால்தானோ’ என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். அதனால் இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். கேட்டதும் அழுவாள். அழட்டும், பக்கத்திலேயே இருங்கள். “புது ஆன்ட்டி வருவாங்க” என்று அவசரமாகத் தேற்ற வேண்டாம். முடிந்தால் வீடியோ காலில் பேசவிடுங்கள், இருவரும் சேர்ந்திருக்கும் படத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

பாத்ரூமுக்கோ வேலைக்கோ, சொல்லிவிட்டுப் போய்ச் சொன்னபடி திரும்புங்கள். பாலர் பள்ளி வாசலிலும் நழுவிப் போகாதீர்கள். பல வாரம் கழித்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள்.

*மகன் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருக்கிறான். ஸ்கூல் எப்படி இருந்தது என்றால் “ஓகே”, அவ்வளவுதான். அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறான்.*
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பள்ளி வாசலிலேயே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பசியும் களைப்புமாக வருபவனுக்கு முதலில் ஒரு மைலோவும் கொஞ்சம் அமைதியும் கொடுங்கள். பிறகு சின்னதாகக் கேளுங்கள்: “ரெசெஸ்ல யார் பக்கத்துல உட்கார்ந்தே?” பல பள்ளிகளில் முதல் சில நாள்களுக்குப் பெரிய வகுப்பு மாணவர் ஒருவரைத் துணைக்குப் போடுவார்கள். அந்த அண்ணனைப் பற்றிக் கேட்டாலே பேச்சு தொடங்கும். முகத்துக்கு நேரே கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள் எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவதுண்டு. நீங்களும் உங்கள் நாளைச் சொல்லுங்கள்: “இன்னிக்கு ஆபீஸ்ல அப்பாவுக்குக் கோபம் வந்துச்சு.”

அழுகையோடு ஆங்கிலத்தில் வருவதை “தமிழ்ல சொல்லு” என்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நீங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள், போதும்.

*அபாயச் சங்கு ஊதினால் பேரன் நடுங்குகிறான்.*
– யீஷூன் பாட்டி

பிப்ரவரி 15, மாலை 6.20 மணிக்கு ஊதும் சங்குதானே? 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளின் நினைவாக ஊதுகிறார்கள். முதல் நாளே சொல்லிவையுங்கள்: சத்தமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், பாட்டி கையைப் பிடித்துக்கொள்ளலாம். “பயப்படாதே” என்பதைவிட “பயமா இருக்கா, வா” என்பது அவனுக்கு உதவும்.

*தீபாவளிக்கு வரும் உறவினர்கள் முத்தம் கேட்கிறார்கள். மகள் ஒளிந்துகொள்கிறாள். மரியாதைக் குறைவாகத் தெரியாதா?*
– பொங்கோல் வாசகி

கைகூப்பி வணக்கம் சொன்னால் அதுவே மரியாதை. “அவளுக்கு வேண்டாமாம், சித்தப்பா” என்று அவள் காதுபடச் சொல்லுங்கள். பெரியவர் கொஞ்சம் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குள் ‘வேண்டாம்’ சொன்னதற்கு மதிப்பிருந்தால்தான் வெளியில் சொல்லத் துணிவு வரும். பிறந்தநாள் பரிசு போன்ற சந்தோஷ ரகசியம் வேறு, “அம்மாகிட்ட சொல்லாதே” என்று ஒருவர் மிரட்டுவது வேறு என்பதையும் பழக்குங்கள்.

யாராவது தவறாகத் தொட்டதாகச் சொன்னால் நம்புங்கள். “சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, துருவித் துருவிக் கேட்காமல் 1800-777-0000ஐ அழையுங்கள். வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவி எண் அது, 24 மணி நேரமும் இயங்கும். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் தாங்களே மனம்விட்டுப் பேச, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரண்ட் உதவி எண் இருக்கிறது: 1800-2744-788.