சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது

கேள்வி: எங்கள் ஆறு வயதுக் கடுவன் நாய் நேற்றிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி நிற்கிறது, சலம் சொட்டுத்தான் வருகிறது. சூடு பிடித்திருக்கும், இளநீர் கொடு என்கிறார் மாமி. கொடுக்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அச்சாகும்வரை பொறுக்கிற கேள்வி இல்லை இது. அதனால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இளநீரை மாமியே குடிக்கட்டும். கடுவனுக்குச் சலக்குழாய் ஒடுக்கம். ஆண்குறிக்குள் ஒரு எலும்பும் உண்டு. சலப்பையிலிருந்து சிறிய கல் இறங்கினால் அந்த எலும்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். முழுதாக அடைத்தால் சலப்பை வீங்கும், வெடிக்கவும் கூடும். கழிவு இரத்தத்தில் ஏறி வாந்தி, சோர்வு வரும். ஆகவே முக்கியும் சலம் வராவிட்டால், நடுராத்திரியானாலும் மிருக வைத்தியரைத் தேடுங்கள். நிலாவெளிப் பக்கமிருந்து ஒருவர் இரண்டு நாள் பொறுத்துக் கொண்டுவந்த நாயை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

பெட்டைக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். அடிக்கடி போகும், இரத்தம் கலந்திருக்கும். அன்றோ மறுநாளோ காட்டினால் போதும். காலைச் சலத்தைச் சுத்தமான போத்தலில் பிடித்து வாருங்கள், பாதி வேலை முடியும்.

அப்புறம், வீட்டில் இருக்கும் இபுபுரோஃபென் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.