பாப் பாட்டும் படித்த வயலினும் – கடிதம்

வணக்கம் சார்,

என் மகள் சின்ன வயதிலிருந்து மேற்கத்திய வயலின் கற்கிறாள். இப்போது ‘டைம் ஃபார் த்ரீ’ என்ற அமெரிக்கக் குழுவின் வீடியோக்களே கதி என்று கிடக்கிறாள். பாக் போன்றவர்களின் செவ்வியல் இசையை வாசிக்கத் தெரிந்தவர்கள் பாப், ராப் என்று வாசிக்கிறார்கள். படித்த படிப்பை வீணடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிராஸ்ஓவர், அதாவது செவ்வியலையும் பாப் போன்றவற்றையும் கலப்பது, என்ற பெயரில் வருவதில் பாதிக்கு மேல் எனக்கும் ஆகாது. பின்னால் ரெடிமேட் டிராக் ஓடும், வயலின் மெட்டை மட்டும் இழுக்கும், தலைமுடி காற்றில் பறக்கும். கல்யாண ரிசப்ஷனுக்குச் சரி. ஆனால் உங்கள் மகள் பிடித்திருப்பது வேறு ரகம்.

இவர்களிடம் இருப்பது இரண்டு வயலின், ஒரு டபுள் பாஸ் (வயலின் குடும்பத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும், அடிக்குரலில் பேசும் வாத்தியம்). இந்தச் சேர்க்கையே ஒரு வம்பு. டபுள் பாஸின் மேல் தந்தி ஜி, வயலினின் அடித் தந்தியும் ஜி, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு ஸ்தாயி இருக்கிறது, இடைப்பட்ட குரல் கொண்ட வியோலாவும் செல்லோவும் உட்கார வேண்டிய இடம் காலி. ஒரு வயலின் கீழ்த் தந்திகளில் இரண்டிரண்டு ஸ்வரமாகச் சேர்த்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் பாஸ்காரர் மேலே ஏறி வந்து அங்கே வாசிக்க வேண்டும். டிரம்ஸும் கிடையாதா, அதற்கு ‘சாப்’ என்று ஒரு உத்தி. வில்லில் கை பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்துப் பகுதியைத் தந்தி மேல் நேராகப் போட்டு நிறுத்துவார்கள், ஸ்வரம் கேட்காது, ‘சக்’ என்று தாளம் மட்டும் விழும். 1960களில் பில் மன்றோவின் புளூகிராஸ் (ஒருவகை அமெரிக்க நாட்டுப்புற இசை) குழுவில் வயலின் வாசித்த ரிச்சர்ட் கிரீன் உருவாக்கியது இது. அடுத்த முறை மெட்டு வாசிப்பவரை விட்டுவிட்டு மற்றவரின் வலது கையைப் பாருங்கள். படித்த படிப்பெல்லாம் அங்கேதான் செலவாகிறது.

குழுவைத் தொடங்கிய மூவரும் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட் என்ற இசைக் கல்லூரியில் படித்தவர்கள். 2003 ஜூலையில் அதே ஊரின் மான் சென்டர் அரங்கில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரி நடந்தபோது மின்னல் தாக்கி விளக்கு போய்விட்டது. சரிசெய்கிற வரை, ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்த இவர்களில் இருவர் நாட்டுப்புற ஃபிடில் பாட்டுகளை எடுத்துவிட, அங்கிருந்துதான் பெயர் பரவியது. அப்புறம் அதே ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்க, இசையமைப்பாளர் ஜெனிஃபர் ஹிக்டன் இவர்களுக்கென்றே ‘கான்செர்ட்டோ 4-3’ எழுதினார் (கான்செர்ட்டோ என்றால் தனி வாத்தியக்காரர்கள் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு), 2008இல் அரங்கேறியது. ஆக, ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் இவர்களை ஒதுக்கவில்லை (நம் பக்கம் இப்படி நடந்தால் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்). ஹிக்டன், இன்னொரு இசையமைப்பாளரான கெவின் புட்ஸ் இருவரின் கான்செர்ட்டோக்களும் இருக்கும் ‘லெட்டர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர்’ ஆல்பத்துக்கு 2023இல் கிராமி கிடைத்தது. புட்ஸின் ‘கான்டாக்ட்’ தொடங்கும்போது மூவரும் வாயால் பாடுகிறார்கள், வார்த்தையே இல்லாமல். நீங்கள் அதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். வீடியோவில் வரும் மெட்டை மட்டும் காப்பியடித்துப் பயனில்லை, கூட வாசிக்க ஆள் பிடிக்க வேண்டும். இன்னொரு வயலின் எளிதில் கிடைத்துவிடும், டபுள் பாஸ் வைத்திருக்கிற ஆளைத் தேடுவதுதான் பெரும்பாடு.

அன்புடன்