4294967297 பகா எண்ணா? கணினி இல்லாமல் அதை எப்படிக் கண்டறிவது?

பகா எண் அன்று. 641 × 6700417 என்று அது பிரிகிறது. ஆனால் கணினி இல்லாமல் எப்படி என்று கேட்டிருப்பதால், விடையைவிட வழியைத்தான் விளக்க வேண்டும்.

இது 2³² + 1. 2இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போக, அதனுடன் 1ஐக் கூட்டிக் கிடைக்கும் இவ்வகை எண்களை ஃபெர்மா எண்கள் என்பர். 3, 5, 17, 257, 65537 ஆகிய முதல் ஐந்தும் பகா எண்களே என்பதால் அடுத்தவையும் அப்படியே இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். ஆறாவதான இந்த எண்ணிலேயே அந்த நம்பிக்கை பொய்த்ததை 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் துணைப்பாட வகுப்பில், தோட்டத்திலிருந்து வரும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியிடம் இதே எண்ணைக் கொடுத்தேன். கைக்கணிப்பானின் பத்து இலக்கத் திரையில் அது சரியாக அடங்கிவிடும். 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனவள், "3, 5, 17 மூன்றுக்கும் மீதம் 2தான் வருகிறது, சார்" என்றாள். அது தற்செயல் அன்று. இந்த எண்ணிலிருந்து 2ஐக் கழித்தால் கிடைக்கும் 4294967295, முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலனே.

இருந்தாலும், வர்க்கமூலமான 65536 வரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிப்பது பால்மரம் வெட்டுவதைவிடக் கடினம். இங்கேதான் ஆய்லரின் கவனிப்பு உதவுகிறது. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும். 1878இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அந்த 64ஐ 128 ஆக உயர்த்தினார். எனவே 129, 257, 385, 513, 641 என்று பார்த்தால் போதும். 129, 385, 513 பகா எண்கள் அல்ல; 257க்கு மீதம் 2 என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும். ஆக, உண்மையில் வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641.

வகுக்காமலும் நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1 என்பதால், 5 × 2⁷ என்பது 641ஐப் பொறுத்தவரை −1க்குச் சமம் (அதாவது இரண்டின் வித்தியாசத்தையும் 641 மீதமின்றி வகுக்கும்); நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமமாகும். மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴க்குப் பதிலாக −2⁴ என்று இடலாம். அப்போது −2³² என்பது 1க்குச் சமமாகிறது. அதாவது 2³² + 1ஐ 641 மீதமின்றி வகுக்கும். இரண்டு வரி நிறுவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

6700417 மேலும் பிரியுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 2³² + 1ஐயும் வகுக்கும் என்பதால், அதே 128 விதி இங்கும் பொருந்தும். அதன் வர்க்கமூலம் 2589ஐ எட்டாது; 257ஐ விலக்கிவிட்டால், அதுவரை தகுதியுள்ள பகா எண்கள் 641, 769, 1153, 1409 மட்டுமே. அவற்றால் வகுக்கும்போது மீதங்கள் முறையே 44, 120, 334, 622. ஆகவே 6700417 பகா எண்.