வீடியோ கேமே இவ்வளவு நன்றாக வந்துவிட்ட பிறகு, பகடையும் தாளும் வைத்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேம் எதற்கு?

இரண்டையும் ஆடுகிறேன், இரண்டும் பிடிக்கும். ஒன்றுதான் என்றால் மேசை ஆட்டத்தைத்தான் எடுப்பேன்.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்தே செய்யப்பட்டது. யாரையாவது மிரட்டவோ ஏமாற்றவோ பார்த்தால் திரையில் இருபது முகப் பகடை உருளும். அருமையான கேம். ஆனால் பகடை காலை வாரினால் என் விரல் தானாக, முன்பு சேமித்து வைத்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. மேசையில் அது நடக்காது. விழுந்த எண் விழுந்ததுதான், அதற்கு மேல்தான் கதை போக வேண்டும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாலத்தில் காவலாளி நிற்கிறான். சண்டை போடலாம், லஞ்சம் கொடுக்கலாம், ஆற்றில் இறங்கிப் போகலாம். டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவனாக, இருந்த நண்பன் இவ்வளவுதான் யோசித்து வைத்திருந்தான். நான் அந்தக் காவலாளியிடம் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். நண்பன் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் காவலாளியின் குரலில், "ரெண்டு நாளா யாரும் கேக்கல" என்றான். அந்த நொடியில்தான் அந்த ஆளுக்குப் பெயர் வந்தது, ஊர் வந்தது, சம்பளம் தராத ஒரு முதலாளியும் வந்தார். அடுத்த எட்டு மாதம் எங்கள் கதை அந்த முதலாளியைத் தேடித்தான் போனது. வீடியோ கேமில் அந்தக் கேள்வியை யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் நான் கேட்க முடியும்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்துதான் வந்தார்கள். அங்கே இருந்த நடுவர்தான் இங்கே டன்ஜன் மாஸ்டர் ஆனார். 1981-இல் விசார்ட்ரி, அல்டிமா போன்ற கேம்கள் வந்தபோது லெவல், அனுபவப் புள்ளி, அடிக்கு எவ்வளவு உயிர் குறையும் என்ற கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது, மனிதரைவிட நன்றாகவே செய்தது. நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு யோசிக்கும் அந்த நடுவரின் இடத்தைத்தான் கம்ப்யூட்டரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வீடியோ கேமுக்குத் தனி வசதி உண்டு. இரவு பதினோரு மணிக்குத் தனியாக ஆடலாம். மேசைக்கு ஐந்து பேரின் ஞாயிற்றுக்கிழமை ஒத்துவர வேண்டும், அது பெரிய பாடு.

சரி, ஆடிப் பார்க்க ஆசை இருந்தால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நாளே எல்லாம் படித்துவிட்டு வர வேண்டாம். "என்ன செய்கிறாய்?" என்று டன்ஜன் மாஸ்டர் கேட்கும்போது மனதில் பட்டதைச் சொல்லுங்கள். அதற்கு எந்தப் பகடை உருட்டுவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.