வர முடியாத நாளுக்கெல்லாம் கடன்

கேள்வி: நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலின் உணவகத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வயது 39. வீடு உப்புவெளியில். மனைவி, தரம் 5இல் படிக்கும் மகள், மூன்று வயது மகன், அம்மா என்னோடு இருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா. சேர்விஸ் சார்ஜ் சீசனில் மாதம் 70,000 வரை வரும், மழை தொடங்கினால் 15,000தான். சீசனில் டபுள் டியூட்டி, மற்ற மாதங்களில் டவுனில் கல்யாண மண்டபங்களில் இரவு வேலை என்று மாதம் 60 மணித்தியாலம் கூடுதலாக உழைத்து 24,000 தேடுகிறேன். வீட்டுச் செலவு 85,000. கிரெடிட் கார்டில் 4 லட்சம் கடன், வட்டி 26 சதவீதம். 2022இல் மனைவியின் நகையை 3 லட்சத்துக்கு அடகு வைத்தேன், வட்டி 15 சதவீதம், இன்று விற்றால் 7 லட்சம் போகும். இப்போது அக்கா வீடு திருத்த ஒன்றரை லட்சம் கேட்கிறார். கட்டாரில் 1,70,000 ரூபா சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது, ஏஜென்சிக்கு மூன்றரை லட்சம் கட்ட வேண்டும். கூட வேலை செய்பவர் நாளுக்கு 1 சதவீதம் தரும் ஒரு ஆப்பில் போடச் சொல்கிறார். மகள் "அப்பா எப்பவும் வீட்டில இல்லை" என்கிறாள். எதைச் செய்வது?

பதில்: கட்டாரையும் ஆப்பையும் பிறகு பார்ப்போம். கடிதத்தோடு கார்ட் கணக்கு விபரத்தையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது அதில் இருக்கிறது.

பெரிய தொகைகள் நான்கு. மகளின் பிறந்தநாளுக்கு நிற்க முடியவில்லை, அதனால் 95,000 ரூபாவுக்கு டேப்லட். அம்மாவின் கிளினிக் திகதியைத் தவறவிட்டீர்கள், அதனால் தனியார் வைத்தியசாலையில் 60,000. அப்பாவின் திவசத்தன்று ஹோட்டலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், அதனால் தம்பி வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போட 45,000. அக்கா மகளின் சாமத்தியவீட்டுக்குப் போகவில்லை, அதனால் 2 லட்சம். கூட்டினால் சரியாக 4 லட்சம். உங்கள் கார்ட் கடன் முழுவதும் இந்த நான்கு நாட்கள்தான். வீட்டில் யாரும் ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை, சாப்பாட்டுக்கும் கடன் வாங்கவில்லை. போகாத இடத்துக்கெல்லாம் காசை அனுப்பியிருக்கிறீர்கள்.

அதிலும் அக்காவுக்குக் கொடுத்த 2 லட்சத்தை கார்டிலிருந்து காசாக எடுத்திருக்கிறீர்கள். சாமான் வாங்கினால் சில கிழமைகளுக்கு வட்டி இல்லை என்ற சலுகை காசாக எடுத்தால் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கு மேல் ஒரு கட்டணமும் வரும். ஒன்பது வருடம் பில் போட்டுக் கணக்குப் பார்க்கும் மனிதர் இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கு ஆச்சரியம்தான்.

கூடுதல் வேலைக்கு உங்களுக்குக் கிடைப்பது மணித்தியாலத்துக்கு 400 ரூபா. 4 லட்சத்தை 400ஆல் பிரித்தால் 1,000 மணித்தியாலம். அதாவது, நான்கு நாள் வீட்டில் இல்லாததை ஈடுகட்ட 1,000 மணித்தியாலம் வீட்டில் இல்லாமல் போக வேண்டும். வட்டி தனி. கார்டுக்கு வருடம் 1,04,000, அடகுக்கு 45,000, சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அதையும் 400ஆல் பிரித்தால் வருடத்துக்கு 370 மணித்தியாலத்துக்கு மேல் வரும். மாதம் 60 மணித்தியாலம் நின்று உழைக்கிறீர்களே, அதில் 31 மணித்தியாலம் வட்டிக்கு மட்டும் போகிறது. வாங்கிய கடன் தொகை ஒரு ரூபாகூடக் குறையவில்லை.

இன்னொன்று. இந்தக் கூடுதல் நேரத்துச் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். இல்லை. ஓவர் டைம் அந்தக் கணக்கில் சேராது, மண்டபத்தில் கையில் வாங்கும் காசைச் சொல்லவே வேண்டாம். 55 வயதில் நீங்கள் எடுக்கப்போகும் பணத்தில் இந்த இரவுகள் ஒன்றும் இருக்காது.

அடகுக்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் எப்படிக் கிடந்தன என்று ஊருக்கே தெரியும். சேர்விஸ் சார்ஜ் இல்லாமல் வெறும் அடிப்படைச் சம்பளத்தில் யார்தான் சமாளித்தார்கள்? ஆனால் அன்றிலிருந்து வருடா வருடம் வட்டியைக் கட்டித் திரும்ப அடகு வைப்பதை இனி நிறுத்த வேண்டும்.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது. நகையை மீட்டு விற்றுவிடுங்கள். நீங்கள் சொல்லும் 7 லட்சம் கிடைத்தால் அடகும் கார்டும் ஒரே நாளில் முடியும். 26 சதவீத வட்டியைக் கட்டிக்கொண்டு, வங்கிப் பெட்டியில் கிடக்கும், யாரும் போட்டுப் பார்க்காத நகையைக் காப்பாற்றுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தங்கம் இன்னும் ஏறும் என்பீர்கள். ஏறலாம். உங்கள் கார்ட் வட்டி ஏறுமா என்று யோசிக்கவே தேவையில்லை, அது இப்போதே 26.

ஆனால் அது மனைவியின் நகை. நீங்கள் கணக்கைக் காட்டிக் கேட்கலாம், முடிவு அவருடையது. அவர் மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்படியானால் சம்பளம் போகும் வங்கியில் தனிநபர் கடன் கேட்டு கார்டை மட்டும் மூடுங்கள், வட்டி கார்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் மட்டும். எந்த வழியானாலும் கார்டை அன்றே வெட்டுங்கள். மூடிய கார்டை "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்தில் எனக்கு மறுபடி கடிதம் எழுதுகிறார்கள்.

கடன் போன பிறகு கணக்கு இப்படி மாறும். ஈ.பி.எஃப். கழித்து உங்கள் கைக்கு வருவது 55,000. மே முதல் செப்டெம்பர் வரை சேர்விஸ் சார்ஜோடு 1,25,000, செலவு 85,000, மாதம் 40,000 மிஞ்சும். ஐந்து மாதத்தில் 2 லட்சம். வாடைக்காற்று தொடங்கிய பிறகு வரவு 70,000, மாதம் 15,000 துண்டு விழும். ஏழு மாதத்துக்கு 1,05,000. சீசன் காசிலிருந்து முதலில் அந்த 1,05,000ஐ வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டு, ஒக்டோபரிலிருந்து மாதம் 15,000 வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வருடக் கடைசியில் 95,000 இருக்கும். கவனியுங்கள், இதில் கூடுதல் வேலைக் காசு ஒரு சதம்கூட இல்லை. ஆகவே மாதம் 60 மணித்தியாலத்தை 30 ஆக்கினால் வீடு கவிழாது. மண்டப வேலையை விடுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருங்கள். விற்ற நகைக்குப் பதில் நகை வாங்க அந்த மிச்ச 30 மணித்தியாலம் போதும், கொஞ்சம் வருடம் எடுக்கும், அவ்வளவுதான்.

இனி அக்கா. ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டாம். கடனில் இருப்பவர் கடன் வாங்கிக் கொடுப்பது உதவி ஆகாது. ஆனால் இதை போனில் சொல்லாதீர்கள், மனைவியின் வாயால் சொல்லவும் வைக்காதீர்கள். நம் வீடுகளில் "இல்லை" என்பதை மருமகள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் நல்ல பிள்ளையாக நிற்பது பழைய வழக்கம், பிறகு இருபது வருடம் மைத்துனிமார் முகம் பார்ப்பதில்லை. அக்கா வீடு தம்பலகாமம் என்று எழுதியிருக்கிறீர்கள், பஸ் ஏறினால் தூரமில்லை. ஒரு லீவு நாளில் பிள்ளைகளோடு போங்கள். சாப்பிட்டுவிட்டு, கார்ட் கணக்கை எடுத்து அக்காவுக்கும் அத்தானுக்கும் காட்டுங்கள். கூரையோ சுவரோ, எதைத் திருத்த வேண்டும் என்று பாருங்கள், இரண்டு நாள் நின்று கைவேலை செய்து தர முடியுமென்றால் அதைச் சொல்லுங்கள். அக்கா கோபிப்பார். "நீ வராட்டியும் பரவாயில்லை" என்று அவர் சொல்லப் பழகியதே நீங்கள் ஒவ்வொரு தரமும் ஆளுக்குப் பதில் காசை அனுப்பியதால்தான்.

லீவு வேண்டுமே என்பீர்கள். வருடாந்த லீவு 14 நாள் இருந்தும் போன வருடம் ஐந்து நாள்தான் எடுத்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதி ஒன்பது நாளும் சம்பளத்தோடு வரும் நாட்கள், அவற்றை ஹோட்டலுக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறீர்கள். சீசன் நடுவில் திடீரென்று கேட்டால் எந்த மனேஜரும் தரமாட்டார். மார்ச் மாதமே மகளின் பிறந்தநாள், அப்பாவின் திவசம், அம்மாவின் கிளினிக் நாட்கள் என்று நாலைந்து திகதிகளை எழுத்தில் கொடுங்கள். அந்த நாட்களுக்குப் பதிலாக வேறு ஞாயிறுகளில் நிற்கிறேன் என்று சொன்னால், ஒன்பது வருடம் நின்ற ஆளுக்கு இதுகூடச் செய்ய மாட்டார்களா?

கட்டார் கணக்கு சின்னது. இங்கே சேர்விஸ் சார்ஜ் வருடச் சராசரி மாதம் 38,000. கைச்சம்பளம் 55,000, கூடுதல் வேலை 24,000. மொத்தம் 1,17,000. அடிப்படைச் சம்பளத்தில் ஈ.பி.எஃப்.க்குக் கழியும் உங்கள் 8 சதவீதம், முதலாளி போடும் ஈ.பி.எஃப். 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப். 3 சதவீதம் சேர்த்தால் இன்னும் 14,000 அளவு. ஆக 1,31,000. அங்கே 1,70,000இல் உங்கள் செலவுக்கு 30,000 போனால் 1,40,000. வித்தியாசம் மாதம் 9,000. இரண்டு வருடத்துக்கு 2,16,000. ஏஜென்சிக்குக் கட்டுவது மூன்றரை லட்சம். முதல் ஒப்பந்தம் முடியும்போது நட்டத்தில் நிற்பீர்கள். இங்கிருந்து விலகினால் பணிக்கொடை கிடைக்கும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 2,70,000 வரும். அதைத் தூக்கி ஏஜென்சிக்குக் கொடுக்கும் யோசனை உங்கள் கடிதத்தில் மெல்லத் தெரிகிறது. வேண்டாம். பல பேர் வெளிநாடு போய்த்தான் வீடு கட்டினார்கள், மறுக்கவில்லை. உங்களுக்கு வந்திருக்கும் இந்தச் சம்பளத்துக்கு அது சரிவராது. அதோடு, நிலாவெளியில் இருந்துகொண்டே வராத நாளுக்கு 2 லட்சம் என்றால், கட்டாரிலிருந்து எவ்வளவு?

ஆப் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. நாளுக்கு 1 சதவீதம் கூட்டு வட்டியாக ஓடினால் 1 லட்சம் ஒரு வருடத்தில் 37 லட்சத்தைத் தாண்டும். அப்படி ஒரு வித்தை தெரிந்தவர் உங்களை ஏன் தேட வேண்டும்? ஆள் சேர்த்து அதில் பங்கு கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். நீங்கள் பத்துப் பேரைச் சேர்த்தால் நீங்களும் அதில் ஒரு ஆள். உங்கள் நண்பர் காசு எடுத்துக் காட்டினார் என்றால், அது அடுத்து சேர்ந்தவரின் காசு.

கடிதத்தின் கடைசியில் மகளுக்கு ஒரு கல்விக் காப்புறுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள், மாதம் 8,000. கார்ட் மூடும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முகவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி.