குத்தகை பாக்கி: கோர்ட் உங்கள் நிலைமையைப் பார்க்குமா?

ஐயா, குறுவை கருகி குத்தகை நெல் அளக்க முடியவில்லை, நிலக்காரர் வெளியேற்ற மனுப் போட்டுவிட்டார், கோர்ட் நியாயம் பார்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கும். கடன் பத்திர வழக்கு என்றால் எழுதியதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கஷ்டம் என்பது அங்கே பதிலாகாது. சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் (1955) அப்படியில்லை. பிரிவு 3(4): இரு தரப்பு நிலைமையையும் எடைபோட்டு, பாக்கியைக் கட்ட நியாயமான அவகாசம் தரலாம். ஆகவே பயிர் கருகியதற்கு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல், விஏஓ சான்று இரண்டையும் பதில் மனுவோடேயே வையுங்கள். வாயால் சொன்னால் எடுபடாது. கொடுத்த தேதிக்குள் கட்டாவிட்டால் வெளியேற்ற உத்தரவுதான், அதில் தயவே கிடையாது. பாக்கிக் கணக்கையும் சோதியுங்கள்: நியாயக் குத்தகை (சட்டம் வைத்த அளவு) சாதாரண மகசூலில் 25 சதவீதம். கோயில் நிலமென்றால் சட்டமே வேறு, முதலில் அதைச் சொல்லுங்கள்.