அவருக்கு யாரும் லிஸ்ட் குடுக்கல

"அண்ணா வணக்கம். நான் ஒரு ஃப்யூஷன் பேண்ட்ல சாக்ஸபோன் வாசிக்கிறேன். அடுத்த மாசம் முதல் தடவையா ஜப்பான் டூர் போறோம், ரெண்டு வாரம். அங்க ஆடியன்ஸ் சத்தமே போடமாட்டாங்களாமே, பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியாதாமே? எப்படிக் குனியணும், எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

தம்பி,

உன் கடிதம் வந்தப்போ இங்க அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன்தான் ஓடிட்டிருந்தார், 1966 ஜப்பான் கச்சேரி, அதான் உடனே எழுதறேன். குனியறதெல்லாம் போன ரெண்டாம் நாளே தானா வந்துடும், விடு. அமைதியாத்தான் இருப்பாங்க. ஜாஸ் கிஸ்ஸான்னு அங்க காபிக்கடைங்க உண்டு, யோகோஹாமால சிகுசான்னு ஒண்ணு 1933லயே ஆரம்பிச்சது, வெளிநாட்டு ரெக்கார்டு சொந்தமா வாங்க முடியாத காலத்துல ஒரு காபிய வச்சுக்கிட்டு மணிக்கணக்கா வாய் தொறக்காம கேட்டு வளந்த ஜனங்க. அவங்க அமைதியப் பாத்து பயந்தேன்னா நீ இன்னும் கேக்கக் கத்துக்கலன்னு அர்த்தம்.

ஆனா லிஸ்ட் கேட்ட பாரு, அதுதான் எனக்குக் கோவம். ஒரு ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடியே அத ஒரு பரீட்சையா ஆக்கிட்டியேப்பா!

1966 ஜூன் கடைசில பீட்டில்ஸ் டோக்கியோ வந்தாங்க, புடோகான் அரங்கத்துல அஞ்சு ஷோ, மத்த நேரம் பெரும்பாலும் போலீஸ் காவல்ல ஹோட்டல் ரூம்தான், வியாபாரிங்கள ரூமுக்கே வரவழைச்சு சாமான் வாங்கினாங்க. அவங்கள நான் குத்தம் சொல்லல. அது நடந்து பத்து நாள்ல அதே ஹனேடா ஏர்போர்ட்ல கோல்ட்ரேன் இறங்கறார், கூட அவரோட பேண்ட், மனைவி ஆலிஸ், ஃபரோவா சாண்டர்ஸ், ஜிம்மி காரிசன், ரஷீத் அலி. டோக்கியோ பிரஸ் மீட்ல 'நான் ஒரு புனிதரா ஆகணும்'ங்கற மாதிரி அவர் சொன்னத எல்லாரும் எழுதிட்டாங்க, அது எனக்கு முக்கியமில்ல. எனக்கு ஜூலை 14தான். நாகசாகி போய்ச் சேந்ததும் நேரா அணுகுண்டு நினைவுப் பூங்காவுக்குப் போறார், தலைய தாழ்த்தி பிரார்த்தனை பண்றார், அன்னிக்கு ராத்திரி வாசிக்கிறார்.

இதுல நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. அவர் அமெரிக்கக் கடற்படைல சேந்த தேதி 1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமால குண்டு விழுந்த அதே நாள். பதினெட்டு வயசுப் பையன், ஹவாய்ல கடற்படை பேண்ட்ல வாசிச்சுட்டு அடுத்த வருஷம் வெளிய வந்துட்டான், ஒருத்தரையும் சுடல. ஆனாலும் அந்த யூனிஃபார்ம் போட்ட உடம்புதானே இருபத்தோரு வருஷம் கழிச்சு நாகசாகில போய் நிக்குது? அவர் மனசுல என்ன ஓடிச்சுன்னு நான் கதை கட்டமாட்டேன். ஆனா அங்க தலை குனியறதுக்கு யாரும் அவருக்கு லிஸ்ட் குடுக்கல, தான் யாரு, எங்கேர்ந்து வர்றோம்னு தெரிஞ்ச மனுஷனுக்கு அது தேவைப்படல.

அந்த ஜூலை 22 டோக்கியோ ரெக்கார்டிங்ல 'மை ஃபேவரிட் திங்ஸ்'ங்கற பாட்டு மட்டும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். முதல் கால் மணி நேரம் போல காரிசனோட பாஸ் வாத்தியம் மட்டும் தனியா. எங்கப்பா ஆஸ்பத்திரில கிடந்த ராத்திரிகள்ல வராண்டால உக்காந்து ஹெட்போன்ல அந்தக் கால் மணி நேரத்த மட்டும் கேப்பேன், அவ்ளோ பேர் இருக்கற ஹால் எனக்காகவும் சேத்து அமைதியா இருக்கற மாதிரி இருக்கும், அப்பா மூச்சு உள்ள சீரா வருதான்னு நடுவுல எந்திரிச்சுப் பாத்துட்டு வந்து மறுபடி போட்டுப்பேன். அந்த அமைதியத்தான் நீ பிரச்சனைன்னு எழுதிருக்க.

அந்தக் கச்சேரிக்கு அடுத்த வருஷம் ஜூலை 17 கோல்ட்ரேன் போயிட்டார், நாப்பது வயசு.

உங்க ரூட்ல நாகசாகி இருக்கான்னு எழுது. இல்லன்னா பேண்ட்ல ஒரு நாள் லீவு கேளு, ஃபுகுவோகாலேர்ந்து ட்ரெயின் இருக்கு.

அன்புடன்,
அண்ணன்